மாறாத வானமா? — நட்சத்திர மண்டலக் கூட்டங்கள் தரும் சாட்சி

"பூமியில் உள்ளது மாறும், வானத்தில் உள்ளது மாறாது" என்று ஒரு பேச்சு வெகு காலமாய் இருந்து வருகிறது. காலட்சேபம் செய்கிறவர் முதல், பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நேரம் குறித்துக் கொடுக்கிறவர் வரையில் இதை ஒரு பெரிய ஆதாரமாக வைத்துக் கொண்டு, "வானத்தில் எது எப்படிப் படைக்கப்பட்டதோ அது அப்படியே இருக்கிறது பாருங்கள். அது போலவே பூமியிலும் ஏற்பட்டதெல்லாம் ஏற்பட்டபடியே இருக்க வேண்டும்" என்று முடிக்கிறார்கள். கேட்டு விட்டு வருகிறவரும் வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்து அண்ணாந்து பார்க்கிறார். தன் பாட்டனார் காட்டிய அதே சப்தரிஷி மண்டலம், அதே கார்த்திகை, அதே திருவாதிரை. "ஆமாம், சொன்னது சரிதானே" என்று தூங்கிப் போகிறார்.

நாம் இதை ஒப்புக் கொள்ளுவதற்கில்லை. ஏன் ஒப்புக் கொள்ளவில்லை என்றால், அது சாஸ்திரக்காரர் சொன்னது என்பதற்காக அல்ல. அது பொய் என்பதற்காகத்தான். அறுபது வருஷமோ எண்பது வருஷமோ இருந்து விட்டுப் போகிற மனிதன், ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல் வயதான ஒன்றைப் பார்த்து, "நான் பார்த்த வரையில் அது மாறவே இல்லை" என்று சொல்லுவது, ஒரு பொழுது இருந்து விட்டுச் சாகிற ஈசல், "ஆலமரம் வளருவதே இல்லை" என்று சாட்சி சொல்லுவதற்குத்தான் ஒப்பாகும். ஈசலின் சாட்சியத்தை எந்தக் கோர்ட்டாவது ஏற்றுக் கொள்ளுமா என்று கேட்கின்றோம்.

வானம் மாறுகிறது என்பதற்கு வேண்டிய அத்தாட்சிகள் அநேகம் உண்டு. அவற்றுள் நம் மக்களுக்கு அதிகம் எடுத்துச் சொல்லப்படாத ஒன்றை இன்று எடுத்துக் கொள்ளுகிறோம். அதாவது, பெரும் பெரும் கூட்டங்களில் அகப்பட்டுக் கொண்ட நட்சத்திர மண்டலங்களின் கதி என்ன ஆகிறது என்பதாகும்.

மண்டலம், கூட்டம் என்றால் என்ன?

சூரியன் ஒரு நட்சத்திரம். இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் 10,000 கோடிக்குக் குறையாமல் ஒன்றாய்ச் சேர்ந்து சுழன்று கொண்டிருப்பதுதான் நாம் இருக்கும் பால்வீதி. அதன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு வெளிச்சம் போய்ச் சேர ஏறக்குறைய 1 லட்சம் வருஷம் பிடிக்கும். வெளிச்சம் ஒரு வருஷத்தில் போகும் தூரத்தை ஒளி வருஷம் என்கிறார்கள். அது ஏறக்குறைய 9½ லட்சம் கோடி கிலோ மீட்டர். பால்வீதி போன்றதொரு தொகுதியைத்தான் நாம் இங்கே நட்சத்திர மண்டலம் என்று சொல்லுகிறோம்.

நூறு வருஷத்துக்கு முன்பு வரையில் பால்வீதி ஒன்றுதான் பிரபஞ்சம் என்று படித்த மேதாவிகளிலேயே பலர் எண்ணிக் கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஹென்ரீட்டா லீவிட் என்ற பெண்மணி, ஒரு வகை நட்சத்திரங்கள் மங்கிப் பிரகாசிக்கும் கால அளவைக் கொண்டு அவற்றின் உண்மையான பிரகாசத்தைக் கண்டு கொள்ளலாம் என்று 1912-ல் காட்டினார். அந்த அளவுகோலை எடுத்துக் கொண்டு எட்வின் ஹப்பிள் என்பவர் 1923-ல் ஆண்ட்ரமீடா என்னும் மங்கலான திட்டில் அத்தகைய ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அத்திட்டு பால்வீதிக்கு வெளியே வெகு தூரத்தில் உள்ள வேறொரு மண்டலம் என்று நிரூபித்தார். பதினான்கு லோகக் கணக்கு எழுதி வைத்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

இந்த மண்டலங்கள் தனித்தனியாகவும் இருக்கின்றன. சிறு குடும்பமாகவும் இருக்கின்றன. ஆயிரக் கணக்கில் நெருங்கிப் பெருங் கூட்டமாகவும் இருக்கின்றன. நமக்குக் கிட்டத்தில் உள்ள பெருங் கூட்டம் கன்னி ராசித் திசையில் ஏறக்குறைய 5½ கோடி ஒளி வருஷ தூரத்தில் இருக்கிறது. அதில் 1,300-க்கு மேற்பட்ட மண்டலங்கள் உண்டு. கன்னி ராசிக்காரருக்கு இந்த வாரம் தன லாபமா, தேக அசௌக்கியமா என்று எழுதிக் காசு வாங்குகிற ஜோசியருக்கு, அந்த ராசியின் பின்னால் இத்தனை மண்டலங்கள் இருப்பது தெரியுமா? தெரிந்தால் அவைகளுக்கு என்ன பலன் எழுதுவார்? கோமா என்று பெயரிட்ட இன்னொரு கூட்டம் 32 கோடி ஒளி வருஷ தூரத்தில் இருக்கிறது. ஜார்ஜ் ஏபெல் என்பவர் வானத்தைப் படம் பிடித்த தகடுகளைத் தம் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்து, 1958-ல் இப்படிப்பட்ட கூட்டங்கள் 2,712-ஐப் பட்டியல் எழுதி வெளியிட்டார்.

கூட்டத்துக்குள் நடப்பது என்ன?

கூட்டத்துக்கு வெளியே உள்ள மண்டலங்களைப் பார்த்தால் பெரும்பாலானவை சுருள் சுருளாய்த் தட்டையாய், நீல நிறம் தட்டி இருக்கின்றன. கூட்டத்தின் நடுவில் இருப்பவைகளோ பெரும்பாலும் சுருள் இல்லாமல் முட்டை போலவும் தட்டுப் போலவும், சிவந்து இருக்கின்றன. ஆலன் டிரெஸ்லர் என்பவர் 55 கூட்டங்களில் உள்ள 6,000 மண்டலங்களை எண்ணிப் பார்த்து 1980-ல் கணக்குக் கொடுத்தார். வெளியிடங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 சுருள் வகை. மிகவும் நெருக்கமான நடு இடங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 தான் சுருள் வகை. நெருக்கம் ஏற ஏறச் சுருள் குறைகிறது.

இந்த நிற வித்தியாசத்துக்கு அர்த்தம் என்ன? நீல நிற நட்சத்திரங்கள் மிகப் பெரியவை, மிகச் சூடானவை. தம் எரிபொருளைத் தாராளமாய்ச் செலவழித்து விட்டுச் சில கோடி வருஷங்களுக்குள் செத்துப் போகின்றவை. சிவந்தவை சிக்கனக்காரர்கள், ஆயிரம் கோடி வருஷம் கடந்தும் இருப்பார்கள். ஆகவே ஒரு மண்டலம் நீலமாய் இருந்தால் அங்கே இப்பொழுதும் நட்சத்திரங்கள் பிறந்து கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சிவந்து விட்டால் பிறப்பு நின்று போயிற்று என்று அர்த்தம். ஓர் ஊரில் பிள்ளைப் பேறே நின்று போனால் சில காலத்திற்கெல்லாம் அங்கே கிழவர் கிழவிகளையே காணலாம் அல்லவா? அது போலத்தான்.

நட்சத்திரம் பிறப்பதற்கு முதல் பொருள் குளிர்ந்த வாயு. வாயு இல்லையேல் பிறப்பு இல்லை. அப்படியானால் கூட்டத்துக்குள் போன மண்டலத்தின் வாயுவை யார் எடுத்துக் கொண்டது? இதுதான் கேள்வி.

1970 டிசம்பரில் கென்யா தேசத்துக் கடற்கரையிலிருந்து உஹுரு என்னும் துணைக் கோள் விடப்பட்டது. அது எக்ஸ்-ரே கதிர்களைக் கொண்டு வானத்தைப் பார்த்தது. பார்த்ததில், இந்தக் கூட்டங்களில் மண்டலங்களுக்கு இடையே உள்ள இடம் வெற்றிடம் அல்லவென்றும், அங்கே கோடிக் கணக்கான டிகிரி சூடேறிய வாயு நிறைந்து கிடக்கிறதென்றும் தெரிய வந்தது. கோமா கூட்டத்தில் அந்தச் சூடு ஏறக்குறைய 10 கோடி டிகிரி. இவ்வளவு சூடாய் இருந்தும் மிக மிக மெலிந்தது; ஒரு கன மீட்டர் இடத்தில் சில ஆயிரம் துகள்கள்தான் இருக்கும். ஆனால் இடம் பரந்தது ஆகையால், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தக் கூட்டத்தின் நட்சத்திரங்கள் எல்லாவற்றின் எடையைப் போலப் பல மடங்கு எடை அந்த வாயுவுக்கு இருக்கிறது.

இந்த வாயுக்குள் ஒரு மண்டலம் நொடிக்கு 1,000 கிலோ மீட்டர் வேகத்தில் பாய்ந்து வருகிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு நொடிக்குள் போய்ச் சேருகிற வேகம் அது. காற்றே அசையாத நாளில் சைக்கிளில் வேகமாய்ப் போகிறவன் முகத்தில் காற்று அடிக்கிறது அல்லவா? நின்ற காற்றுத்தான், போகிறவனுடைய வேகமே அதை எதிர்க் காற்றாக்கி விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்காகிறது. அது போலவே மண்டலத்தின் மேல் ஓர் எதிர்க் காற்று அடிக்கிறது. ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் என்ற இருவர் 1972-ல் கணக்குப் போட்டு, மண்டலம் தன் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பு பலத்தை விட இந்தக் காற்றின் பலம் அதிகமானால் வாயு பறிபோய் விடும் என்று காட்டினார்கள்.

இதை விளங்கிக் கொள்ள நம் கிராமத்துத் தோழர்களுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. களத்தில் நின்று முறத்தால் நெல்லைத் தூற்றுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லி விடுவாள். காற்று ஒன்றுதான், பதர் பறந்து போகிறது, நெல் காலடியில் விழுகிறது. மண்டலத்தில் நட்சத்திரங்கள் நெல், வாயு பதர். எதிர்க் காற்றுக்கு நட்சத்திரங்கள் அசைந்து கொடுப்பதில்லை. வாயு பறந்து விடுகிறது. ஒரே வித்தியாசம், இங்கே பறந்து போகிற பதர்தான் நாளைய விதை. அது போன பிறகு அந்த மண்டலத்தில் புதிய பயிர் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, மதகும் திறந்திருக்கிறது. யாரோ மேலே வரத்து வாய்க்காலை அடைத்து விட்டார்கள். அன்றைக்கே ஏரி வற்றி விடுமா? வற்றாது. இருக்கிற தண்ணீர் பாய்கிற வரையில் பாய்ந்து விட்டுப் பிறகு தரை தெரியும். மண்டலங்களுக்கும் வெளியிலிருந்து புது வாயு வரத்து இருந்து கொண்டிருக்கிறது. கூட்டத்துக்குள் போனதும் அந்த வரத்து அறுபடுகிறது. கையிருப்பைக் கொண்டு ஏறக்குறைய 200 கோடி வருஷம் போல ஓட்டலாம், அப்புறம் தரைதான். 1980-ல் ரிச்சர்ட் லார்சன், பியாட்ரிஸ் டின்ஸ்லி, நெல்சன் கால்ட்வெல் ஆகிய மூவர் இதை எடுத்துக் காட்டினார்கள்.

மூன்றாவதாக, சந்தைக் கூட்டத்தில் இடிபடுகிறவன் கதியும் உண்டு. கூட்டத்துக்குள் மண்டலங்கள் ஒன்றையொன்று அதி வேகமாய்க் கடந்து போவதால் ஒன்றோடொன்று கலந்து ஒன்றாகி விடுவது அபூர்வம். எதிரெதிரே போகும் இரண்டு ரயிலில் உள்ளவர்கள் கை குலுக்கிக் கொள்ள முடியாதல்லவா? ஆனாலும் கடக்கும்போதெல்லாம் ஈர்ப்பு ஓர் இழுப்பு இழுத்து விட்டுப் போகிறது. இப்படிப் பல இழுப்புகளில் சிறிய மண்டலங்கள் உருக்குலைந்து போகின்றன என்று 1996-ல் கணித யந்திரங்களைக் கொண்டு காட்டப்பட்டது. இழுபட்டுச் சிதறிய நட்சத்திரங்கள் எந்த மண்டலத்துக்கும் சொந்தமில்லாமல் கூட்டத்தின் நடுவே மெல்லிய ஒளியாய்ப் பரவிக் கிடக்கின்றன.

கையும் களவுமாய்ப் பிடிபட்டது

"இதெல்லாம் காகிதத்தில் போட்ட கணக்கு, கண்ணால் கண்டவர் யார்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். கேட்காமல் நம்புகிறவனை நாம் மெச்சுவதில்லை.

கண்டிருக்கிறார்கள். தென் திசை வானத்தில் நார்மா கூட்டம் என்று ஒன்று உண்டு. அதில் ஈ.எஸ்.ஓ. 137-001 என்று எண் கொடுக்கப்பட்ட ஒரு சுருள் மண்டலம் கூட்டத்தின் நடுவை நோக்கிப் பாய்ந்து கொண்டிருக்கிறது. அதன் பின்னால் பறிபட்ட வாயு ஏறக்குறைய 2 லட்சத்து 60 ஆயிரம் ஒளி வருஷ நீளத்துக்கு வால் போல நீண்டு கிடப்பதை எக்ஸ்-ரே தூரதரிசினி படம் பிடித்திருக்கிறது. நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இருக்கின்றன; வாயு மட்டும் பின்னால் ஓடுகிறது. நம் கடற்கரைத் தோழர்கள் சொறிமுட்டை என்று சொல்லும் பிராணி கடலில் தலையை முன்னே விட்டு இழைகளைப் பின்னே தொங்க விட்டுக் கொண்டு போகும் அல்லவா? அதே தோற்றம். ஆகையினால் இவைகளுக்கு அந்தப் பெயரையே வைத்து விட்டார்கள்.

ஒன்றைப் பார்த்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காக, இத்தாலி தேசத்து பியாங்கா போஜ்ஜியாந்தி என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு கூட்டத்தார், சிலி நாட்டிலுள்ள பெரிய தூரதரிசினியைக் கொண்டு 114 மண்டலங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பறிப்புத் தொடங்கினவை, பாதியில் இருப்பவை, முடிந்து போனவை என எல்லாப் படிகளிலும் மண்டலங்கள் அகப்பட்டன. வால்களிலேயே புது நட்சத்திரங்கள் பிறப்பதும் தெரிந்தது. வாயு நசுங்குவதால், பிறப்பு நிற்பதற்கு முன் சிறிது காலம் அதிகமாவதும் உண்டு. அணையப் போகிற விளக்குத் துள்ளி எரிவது போல.

ஒரு மண்டலத்தின் ஆயுளை உட்கார்ந்து பார்க்க எவனுக்கும் ஆயுள் இல்லை. ஆனால் ஒரு தெருவில் ஒரே காலையில் தொட்டில் குழந்தையையும், பள்ளிக்கூடப் பிள்ளையையும், வாலிபனையும், கிழவனையும் பார்த்து விட்டால் மனிதன் எப்படி வளருகிறான் என்று தெரிந்து கொள்ள அறுபது வருஷம் காத்திருக்க வேண்டுமா?

அன்றியும் வானத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. தூரத்திலுள்ளதை இன்று பார்க்கிறோம் என்றால், அது வெளிச்சம் புறப்பட்ட அன்றைக்கு இருந்தபடி பார்க்கிறோம். பழைய தபால் இன்று கைக்கு வருவது போல. ஹார்வி புட்ச்சர், அகஸ்டஸ் ஏம்லர் என்ற இருவர் 1978-ல் ஏறக்குறைய 400 கோடி வருஷத்துக்கு முந்திய வெளிச்சத்தைக் கொண்டு இரண்டு கூட்டங்களைப் பார்த்தார்கள். இன்றைய கூட்டங்களின் நடுவில் அபூர்வமாய் இருக்கும் நீல மண்டலங்கள் அங்கே தாராளமாய் இருந்தன! உடனே எல்லோரும் கைதட்டி விடவில்லை. "கூட்டத்துக்கு முன்னால் தற்செயலாய் நிற்பவைகளையும் சேர்த்து எண்ணி விட்டீர்கள்" என்று சக விஞ்ஞானிகளே ஆக்ஷேபித்தார்கள். ஒவ்வொன்றின் ஒளியையும் பிரித்துத் தூரத்தை அளந்தார்கள். பெரும்பாலானவை கூட்டத்தைச் சேர்ந்தவை என்றே தீர்ந்தது. 1990-களில் ஹப்பிள் தூரதரிசினி அவற்றின் உருவத்தையும் காட்டியது: சுருள் மண்டலங்கள்! அன்று சுருளும் நீலமுமாய் இருந்த இடத்தில் இன்று தட்டையும் சிவப்பும். அப்படியானால் வானம் மாறியதா, மாறவில்லையா?

பிறப்பா, இடமா?

இனி நாம் ஜாக்கிரதையாய்ப் பேச வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். கூட்டத்தில் சிவந்த மண்டலங்கள் அதிகம் என்பதைக் கொண்டு, சிவக்க வைத்தது கூட்டந்தான் என்று முடிவு செய்து விடலாமா? ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அதிகம். அதனால் ஆஸ்பத்திரிதான் நோயை உண்டாக்கிற்று என்று சொல்லலாமா? நெருக்கமான இடத்தில் உண்டான மண்டலங்கள் முந்திப் பிறந்து முந்தி வளர்ந்து, தாமே முந்தி ஓய்ந்திருக்கலாம் அல்லவா? இந்த விவகாரம் விஞ்ஞானிகளுக்குள் ஐம்பது வருஷத்துக்கு மேலாய் நடந்து வருகிறது.

"பிறப்பில் ஒன்றுமே இல்லை, இருக்கும் இடமே எல்லாம்" என்று முடிவாகி இருந்தால் நமக்குப் பெரிய சந்தோஷமாய் இருந்திருக்கும் என்பதை மறைப்பானேன்? ஆனால் நம் சந்தோஷத்துக்காக வானம் நடக்கவில்லை. 2010-ல் யிங்ஜி பெங் என்பவரும் அவர் தோழர்களும் ஏராளமான மண்டலங்களின் கணக்கை எடுத்துப் பார்த்ததில் இரண்டு காரணங்களும் உண்டென்றும், ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே வேலை செய்கின்றன என்றும் கண்டார்கள். மிகவும் எடை பெருத்த மண்டலங்கள் தனியே இருந்தாலும் கூட்டத்தில் இருந்தாலும் தாமாகவே ஓய்ந்து போகின்றன. எடை குறைந்தவைகளை ஓய வைப்பதில்தான் இடத்துக்குப் பெரும் பங்கு. சில மண்டலங்கள் பெருங் கூட்டத்துக்கு வந்து சேருவதற்கு முன்பே, வழியில் சிறு குடும்பங்களில் தங்கியபோதே வாயுவை இழந்து விடுகின்றன.

1,040 கோடி வருஷத்துக்கு முந்திய வெளிச்சத்தில் எக்ஸ்.எல்.எஸ்.எஸ்.சி. 122 என்ற ஒரு கூட்டத்தை 2020-ல் ஆராய்ந்து சொன்னபோது, அவ்வளவு பழைய காலத்திலேயே அதில் சிவந்து ஓய்ந்த மண்டலங்கள் இருந்தன. அதே பழைய காலத்தில், இன்னும் கூடி முடியாத வேறு கூட்டங்களிலோ மண்டலங்கள் மும்முரமாய் நட்சத்திரங்களைப் பெற்றுக் கொண்டிருந்தன. அதாவது இன்றைக்குக் கிழட்டு ஊராய் இருக்கும் இடமே அன்றைக்குப் பிள்ளைகள் நிறைந்த ஊராய் இருந்திருக்கிறது.

கூட்டத்தின் நடுவில் வீற்றிருக்கும் ராட்சச மண்டலங்களின் கதையோ வேறு. அவை அக்கம்பக்கத்தில் அகப்பட்டவைகளை விழுங்கியே பெருத்தவை. அவற்றைச் சூழ்ந்துள்ள சூடான வாயு ஆறிக் குளிர்ந்து உள்ளே விழுந்தால் நட்சத்திரங்கள் ஏராளமாய்ப் பிறக்க வேண்டும், பிறப்பதில்லை. ஏன்? நடுவில் உள்ள கருந்துளை விழுகிற பொருளில் ஒரு பகுதியைப் பெரு வேகத்தோடு வெளியே பீய்ச்சி, வாயுவைத் திரும்பத் திரும்பச் சுட வைத்து விடுகிறது. பெர்சியஸ் கூட்டத்தில் இப்படி ஊதிய குமிழிகளையும் அலைகளையும் சாந்த்ரா தூரதரிசினி 2003-ல் காட்டியது. அந்தத் தூரதரிசினிக்கு அப்பெயர் லாகூரில் பிறந்து, சென்னையில் படித்த சந்திரசேகரின் ஞாபகார்த்தமாய் வைத்தது. ஃபீனிக்ஸ் என்ற கூட்டத்தில் மாத்திரம் இந்தக் காவல் தளர்ந்து, நடு மண்டலத்தில் வருஷத்துக்கு நூற்றுக் கணக்கான சூரியன்களின் எடைக்கு நட்சத்திரங்கள் பிறக்கின்றன. நம் பால்வீதியில் ஒன்றிரண்டு சூரியன் எடைதான்.

இதிலிருந்து மனிதனுக்கு ஒரு நீதி எடுத்துச் சொல்லும்படி நம்மைச் சிலர் கேட்கக் கூடும். நாம் சொல்லப் போவதில்லை. சனியையும் செவ்வாயையும் காட்டிப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துகிறவர்களைக் கண்டிக்கிற நாமே, மண்டலங்களைக் காட்டி மனிதர்களுக்கு விதி எழுதினால் நமக்கும் ஜோசியருக்கும் என்ன வித்தியாசம்? மனிதன் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு மனிதனிடத்திலேயே வேண்டிய ஆதாரம் இருக்கிறது. வானத்திடம் போய்க் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் எதிரிகள் மட்டும் "மாறாத வானம்" என்று சாட்சிக்குக் கூட்டி வந்தார்களே, அந்தச் சாட்சி பொய்ச் சாட்சி என்று காட்டுவது நம் கடமை. அதைத்தான் செய்தோம்.

சில ஆக்ஷேபணைகள்

முதலாவது: "விஞ்ஞானிகள் நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று ஒன்று சொல்லுகிறார்கள்; நிலையாய் ஒன்று சொல்லத் தெரியவில்லையே" என்பது. இதைக் குற்றமாகச் சொல்லுகிறவர்கள், தப்பென்று தெரிந்த பிறகும் மாற்றிக் கொள்ளாமல் இருப்பதையா யோக்கியதை என்கிறார்கள்? 1960-களில் பெரிய பெரிய ஆசிரியர்கள், கூட்டங்களில் உள்ள ராட்சச மண்டலங்களின் பிரகாசம் காலத்தால் அவ்வளவாய் மாறாது என்று வைத்துக் கொண்டு, அவைகளை விளக்குக் கம்பங்களாகக் கொண்டு பிரபஞ்சத்தையே அளக்கப் புறப்பட்டார்கள். பியாட்ரிஸ் டின்ஸ்லி என்று மேலே சொன்னோமே, நியூசிலாந்தில் வளர்ந்த அந்த இளம் பெண், "நட்சத்திரங்கள் கிழடாகின்றன, ஆகவே மண்டலத்தின் பிரகாசமும் மாறியே தீரும், உங்கள் அளவு தப்பாகும்" என்று கணக்குப் போட்டு எதிர்த்து நின்றார். அவருக்குப் பட்டம் பெரிதல்ல, வயது பெரிதல்ல, தகுந்த உத்தியோகமும் வெகு நாள் கிடைக்கவில்லை. இருந்தும் அவர் கணக்கே நின்றது. 1978-ல் யேல் பல்கலைக் கழகத்தில் வான சாஸ்திரப் பேராசிரியரானார். 1981-ல் நாற்பதாவது வயதில் புற்று நோயால் மாண்டார். பெரியவர் சொன்னதைச் சின்னவர், அதுவும் ஒரு பெண், தப்பென்று சொல்லி நிரூபித்து விட்டால் அதை ஒப்புக் கொள்ளுகிற வழக்கம் எந்த மடத்தில் இருக்கிறது என்று காட்டட்டும்.

இரண்டாவது: "இவ்வளவும் சொல்லுகிறீர்களே, கூட்டத்தின் எடையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் என்னவென்றே தெரியாது என்று உங்கள் விஞ்ஞானியே சொல்லுகிறானே, அதுதான் கடவுள்" என்பது. ஆம், 1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்பவர் கோமா கூட்டத்து மண்டலங்கள் ஓடுகிற வேகத்தை அளந்து, கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் இந்தக் கூட்டம் என்றைக்கோ சிதறிப் போயிருக்கும், ஆகவே கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏராளமாய் இருக்க வேண்டும் என்றார். அது எதனால் ஆனது என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு எடை, தன் பின்னால் உள்ள வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதெல்லாம் அளந்திருக்கிறார்கள். இரண்டு கூட்டங்கள் மோதிக் கொண்ட ஓரிடத்தில் வாயு நடுவே தங்கி விட, இந்தப் பொருள் மட்டும் தடையின்றிக் கடந்து போயிருப்பதை 2006-ல் காட்டினார்கள். எடை போட்டுச் சொல்லக் கூடிய ஒரு வஸ்து இவர்கள் கடவுளாகுமானால், அது எந்தக் கோயிலில் இருக்கிறது, எந்தப் பாஷையில் அர்ச்சனை கேட்டது? "தெரியாது" என்று ஒருவன் யோக்கியமாய்ச் சொன்னால், அந்த இடம் கடவுளுக்கு எழுதிக் கொடுத்த பட்டா ஆகி விடாது.

மூன்றாவது: "எல்லாம் நம் புராணத்தில் முன்னமே இருக்கிறது, அதனால்தான் சரஸ்வதி என்று பெயர் வைத்தார்கள்" என்பது. 2017-ல் புனா நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள், ஏறக்குறைய 400 கோடி ஒளி வருஷ தூரத்தில், குறைந்தது 43 மண்டலக் கூட்டங்கள் சேர்ந்த ஒரு மகா கூட்டத்தைக் கண்டுபிடித்து அதற்குச் சரஸ்வதி என்று பெயரிட்டது வாஸ்தவம். நம் நாட்டார் கண்டுபிடித்தார்கள் என்பதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் அவர்கள் அதைக் கண்டது எந்தப் புராணத்தின் எந்தச் சுலோகத்தைப் படித்து? லட்சக் கணக்கான மண்டலங்களின் தூரத்தை அளந்து எழுதிய கணக்கைப் பார்த்து அல்லவா? வெள்ளைக்காரன் வியாழனுக்குத் தன் பழைய சாமியின் பெயரை வைத்திருக்கிறான். அதனால் அந்தச் சாமி உண்மை என்று இந்தப் பண்டிதர்கள் ஒப்புக் கொள்ளுவார்களா? பிள்ளைக்குக் குபேரன் என்று பெயர் வைத்து விட்டால் வீட்டில் பணம் வந்து விடுமா?

நாலாவது: "இதைத் தெரிந்து கொண்டு ஏர் உழுகிறவனுக்கு என்ன லாபம்?" என்பது. இது நல்ல எண்ணத்தோடு கேட்கப்படுவதும் உண்டு. ஆனால் ஏர் உழுகிறவனிடத்தில் எமகண்டம், ராகுகாலம், கிரகணத் தோஷம், சனிப் பெயர்ச்சி என்று வானத்தின் பெயரால் வசூல் பண்ணும்போது, "உனக்கு வானம் எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லையே! பொய் வானம் அவன் வீட்டுக் கல்யாணத்திலும் கருமாதியிலும் வந்து உட்கார்ந்து கொள்ளலாம். மெய் வானம் மட்டும் காலேஜ் மதிலுக்குள் இங்கிலீஷில் இருக்க வேண்டுமா? நெல் தூற்றுகிறவளுக்கும் ஏரித் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கும் இந்த விஷயம் விளங்கும் என்பதை மேலே பார்த்தோம். விளங்காதது அவர்கள் குற்றம் அல்ல, சொல்லாதவர்கள் குற்றம்.

கடைசியாக, நாம் எழுதி விட்டோம் என்பதற்காக யாரும் இதை நம்பி விட வேண்டாம் என்று கேட்டுக் கொள்ளுகிறோம். கார்த்திகை மாதத்தில் நிலா இல்லாத ஒரு முன்னிரவில், விளக்கு வெளிச்சம் இல்லாத வயல் வெளிக்குப் போய், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக் கொண்டு, ஆண்ட்ரமீடா மண்டலம் எங்கே என்று பாருங்கள். வெறும் கண்ணுக்கே ஒரு சிறு புகைத் திட்டாகத் தெரியும். அந்த வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டு 25 லட்சம் வருஷம் ஆயிற்று. அது புறப்பட்ட அன்றைக்கு நம்மைப் போன்ற மனிதன் இல்லை. வேதம் இல்லை, பைபிள் இல்லை, குர்ஆன் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. அதைக் கண்ணில் வாங்கிக் கொண்ட பிறகு, "வானம் ஏற்பட்டபடியே இருக்கிறது" என்று சொன்னவரிடத்தில் போய், "ஐயா, எதை அளந்து பார்த்து இதைச் சொன்னீர்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்லுகிறார் என்பதை நமக்கும் எழுதுங்கள்.